நாள் பார்க்கும் குருவி

காடு என்றதும் யானையும் புலியும்தான் நம் நினைவுக்கு வரும். இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு நகரத்துக்கு வடமேற்கே, ஐந்து கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் வைட்டம் காட்டில் அவை எதுவும் கிடையாது. மான் உண்டு, நரி உண்டு. முகத்தில் கறுப்பு வெள்ளைப் பட்டை போட்ட பேட்ஜர் என்ற விலங்கு வளை தோண்டி வாழ்கிறது. பகலெல்லாம் தூங்கிவிட்டு இரவில் மண்புழு தேடிக் கிளம்பும். பயப்பட ஒன்றும் இல்லாத காடு. சுமார் 400 ஹெக்டேர் பரப்பு, அதாவது ஏறக்குறைய ஆயிரம் ஏக்கர். ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமானது. முன்கூட்டியே அனுமதி வாங்கிக்கொண்டு யாரும் உள்ளே நடந்து பார்க்கலாம். நாயை மட்டும் கூட்டிக்கொண்டு போகக் கூடாது.

எப்போது போவது நல்லது? ஏப்ரல் கடைசி அல்லது மே தொடக்கம் என்பேன். அப்போதுதான் மரத்தடி முழுக்க நீலமாக இருக்கும். புளூபெல் என்ற செடி பூக்கும் காலம் அது. ஒரு சாண் உயரத்தில் ஒரு தண்டு, அதன் நுனி ஒரு பக்கமாக வளைந்திருக்கும், அதிலிருந்து நீலப் பூக்கள் தலைகீழாகத் தொங்கும். ஒரு செடியைத் தனியாகப் பார்த்தால் பெரிதாக ஒன்றும் தோன்றாது. பல்லாயிரம் செடிகள் சேர்ந்து பூக்கும்போதுதான் அழகு.

இந்த அவசரப் பூப்புக்குக் காரணம் தலைக்கு மேலே இருக்கிறது. அங்கே ஓக், ஆஷ், பீச் போன்ற மரங்கள் குளிர்காலத்தில் இலையெல்லாம் உதிர்த்துவிட்டு மொட்டையாக நிற்கும். மொட்டை மரத்தின் வழியே வெயில் தரை வரை இறங்கும். மே மாதம் போகப் போக இலைகள் விரிந்து கூரை மூடிவிட்டால் தரையில் நிழல்தான். அதற்குள் புளூபெல் இலைவிட்டு, பூத்து, அடுத்த ஆண்டுக்கு வேண்டிய உணவை மண்ணுக்குள் இருக்கும் கிழங்கில் சேர்த்துவிட வேண்டும். கோடையில் அதன் இலை வாடிப் போயிருக்கும். கிழங்கு மட்டும் உயிரோடு காத்திருக்கும். அதனால்தான் புளூபெல் பூக்கும் காடுகளில் பாதையை விட்டு இறங்கி நடக்காதீர்கள் என்பார்கள். பூவை மிதித்தால் ஒரு பூதான் போகும். இலை நசுங்கினால் சமையல் செய்ய ஆளில்லாமல் கிழங்கு பட்டினி கிடக்கும். காட்டுப் புளூபெல் கிழங்கைத் தோண்டி விற்பது அந்த நாட்டில் சட்டப்படி குற்றம்.

புளூபெல்லுக்கு மட்டும் இல்லை, இந்தக் காட்டில் எல்லாருக்குமே கூரை மூடும் நாள்தான் கெடு. இதை உலகத்துக்குத் துல்லியமாகக் காட்டிக் கொடுத்தது ஒரு சின்னக் குருவி.

கிரேட் டிட் என்பது அதன் பெயர். கறுப்புத் தலை, வெள்ளைக் கன்னம், மஞ்சள் மார்பு, மார்பின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு கறுப்புக் கோடு. ஆணுக்கு அந்தக் கோடு அகலமாக இருக்கும், பெண்ணுக்கு ஒடுக்கம். எடை 18 கிராம் அளவில்தான். நம் வீட்டுச் சிட்டுக்குருவியே அதைவிடக் கனம். மரப்பொந்தில் கூடு கட்டும் பறவை இது. ஆனால் பொந்து கிடைக்காவிட்டால் மனிதர் மாட்டிவைக்கும் பெட்டியிலும் சந்தோஷமாகக் குடியேறிவிடும்.

இந்தக் குணத்தைப் பயன்படுத்திக்கொண்டவர் டேவிட் லாக் என்ற பறவையியலாளர். கலாபகஸ் தீவுகளில் டார்வின் கண்ட குருவிகளைப் பற்றிப் புகழ்பெற்ற புத்தகம் எழுதியவர். அந்தப் புத்தகம் வெளிவந்த 1947ஆம் ஆண்டிலேயே வைட்டம் காட்டில் கூடுப் பெட்டிகளை மாட்டச் செய்து, கிரேட் டிட்களைக் கணக்கெடுக்கத் தொடங்கினார். அந்தக் கணக்கெடுப்பு இன்றுவரை நிற்கவில்லை. இப்போது ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. வசந்தம் வந்தால் ஆராய்ச்சியாளர்கள் பெட்டி பெட்டியாகத் திறந்து பார்த்து முதல் முட்டை என்றைக்கு வந்தது, மொத்தம் எத்தனை, பொரித்தவை எத்தனை என்று எழுதுகிறார்கள். குஞ்சுகளின் காலில் எண் பொறித்த சிறு வளையம் மாட்டுகிறார்கள். அதனால் ஒரு குருவிக்கு அம்மா யார், பாட்டி யார், கொள்ளுப்பாட்டி எந்தப் பெட்டியில் பிறந்தாள் என்பது வரை சொல்ல முடிகிறது. நம்மில் எத்தனை பேருக்கு நம் கொள்ளுப்பாட்டி பிறந்த இடம் தெரியும்?

முதலில் இருந்தவை மரப் பெட்டிகள். வீசல் என்ற ஒல்லியான ஊனுண்ணி விலங்கு அவற்றுக்குள் புகுந்து குஞ்சுகளைத் தின்றுவிடும். 1970களில் சிமென்ட்டும் மரத்தூளும் கலந்து செய்த பெட்டிகளைக் கிளைகளில் தொங்கவிட்டார்கள். வீசலின் கொள்ளை பெருமளவு குறைந்தது.

இனி முக்கியமான கேள்விக்கு வருவோம். குஞ்சுகளுக்கு என்ன சாப்பாடு? புழு. அதிலும் விண்டர் மாத் என்ற அந்துப்பூச்சியின் பச்சைப் புழு. இந்தப் பூச்சியின் கதை விசித்திரமானது. நவம்பர், டிசம்பர் குளிரில்தான் இது வெளியே வரும். பெண் பூச்சிக்குச் சிறகு பெயருக்குத்தான், பறக்க வராது. மண்ணிலிருந்து வெளிப்பட்டு, ஓக் மரத்தின் அடியிலிருந்து நடந்தே மேலே ஏறி, கிளைகளில் முட்டையிடும். ஏப்ரலில் ஓக் மொட்டு வெடிக்கும் நேரத்தில் முட்டையும் பொரிய வேண்டும். முன்னால் பொரித்தால் தின்ன இலை இல்லை. பின்னால் பொரித்தாலும் ஆபத்துதான். இளம் ஓக் இலை மென்மையாக இருக்கும். நாள் ஆக ஆக அது தடித்து, அதில் டானின் என்ற பொருள் ஏறிவிடும். கடுக்காயைக் கடித்தால் நாக்கைப் பிடிக்கும் துவர்ப்பு இருக்கிறதே, அதற்குக் காரணமும் டானின்தான். முற்றிய இலையைத் தின்ற புழு சரியாக வளர்வதில்லை. இதையும் இதே வைட்டம் காட்டு ஓக் மரங்களை வைத்துத்தான் கண்டுபிடித்தார்கள். பால் ஃபீனி என்ற விஞ்ஞானி 1970இல் வெளியிட்ட ஆய்வு அது.

மே மாதத்தில் புழு மிகுந்த ஓக் மரத்தடியில் அசையாமல் நின்றால் மெல்லிய சரசரப்பு கேட்கும். வானம் பார்த்தால் மழை இல்லை. மேலே ஆயிரக்கணக்கான புழுக்கள் தின்றுகொண்டே போடும் எச்சம் இலைகளில் விழும் சத்தம்தான் அது. (தொப்பி போட்டுக்கொள்வது உத்தமம்!) தின்று முடித்த புழு ஒரு பட்டு நூலை விட்டு அதிலே இறங்கி, மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழு ஆகிவிடும். ஆராய்ச்சியாளர்கள் மரத்தடியில் தண்ணீர்த் தட்டு வைத்து, இறங்கும் புழுக்களைப் பிடித்து எண்ணுகிறார்கள். மொத்தப் புழுவில் பாதி இறங்கி முடிந்த தேதியைத் தனியாகக் குறித்துக்கொள்கிறார்கள்.

புழு நிறைந்திருப்பது சில வாரங்கள்தான். அந்தச் சில வாரத்தில்தான் குஞ்சுகளுக்குப் பசி உச்சத்தில் இருக்க வேண்டும். அப்பா, அம்மா இருவருமாகச் சேர்ந்து ஒரு நாளில் நூற்றுக்கணக்கான புழுக்களைக் கொண்டுவந்து ஊட்டுவார்கள். எனவே தாய்க்குருவி முட்டையிட நாள் பார்த்தாக வேண்டும்.

கணக்குப் போடலாமா? ஒரு நாளைக்கு ஒரு முட்டை. 9 முட்டை என்றால் 9 நாள். அடைகாக்க 13 நாள். பொரித்த குஞ்சு பத்தாம் நாள் வாக்கில்தான் மூடாத வாயோடு கத்தும். 9, 13, 10 மூன்றையும் கூட்டினால் 32. மே 15ஆம் தேதி புழு உச்சத்தில் இருக்கும் என்றால் ஏப்ரல் 13ஆம் தேதியே முதல் முட்டை விழ வேண்டும். அன்றைக்குப் பெரும்பாலான ஓக் மொட்டுகள் இறுக மூடியிருக்கும். இன்னும் வராத புழுவுக்காக ஒரு மாதம் முன்பே நாள் குறிக்க வேண்டும்!

குருவிக்கு இரண்டு குறிப்புகள் கிடைக்கின்றன. ஒன்று பகலின் நீளம். ஆக்ஸ்போர்டில் டிசம்பர் பிற்பாதியில் பகல் எட்டு மணி நேரம்கூட இராது, ஜூன் பிற்பாதியில் பதினாறரை மணி நேரத்தையும் தாண்டும். நாள்தோறும் பகல் நீள்வதைக் குருவியின் உடல் உணர்ந்துகொள்கிறது. அது ஏறத்தாழ எந்த மாதம் என்று சொல்லிவிடும். எந்த வாரம் என்பதை மார்ச், ஏப்ரலின் வெதுவெதுப்பு சொல்கிறது. முட்டையிடத் தொடங்கிய பின் வானிலை மாறினாலும் சமாளிக்க வழி உண்டு. வெப்பம் திடீரென ஏறினால் கடைசி முட்டைக்குக் காத்திராமல் அடைகாக்க உட்கார்ந்துவிடும். குளிர் திரும்பினால் ஓரிரு நாள் தள்ளிப்போடும்.

ஆராய்ச்சியாளர்கள் நீண்ட காலமாக எழுதிவைத்த பதிவுகளின் பயன் இங்கேதான் தெரிந்தது. 1960களில் இருந்ததைவிட இப்போது வைட்டம் குருவிகள் ஏறத்தாழ இரண்டு வாரம் முன்னதாக முட்டையிடுகின்றன. வசந்தம் முன்பைவிடச் சூடாகிவிட்டது. ஓக் முன்னதாகத் தளிர்க்கிறது, புழுவும் முன்னதாக வருகிறது, குருவியும் நாளை மாற்றிக்கொண்டது. கெட்டிக்காரக் குருவி என்று கைதட்டிவிட வேண்டாம். நெதர்லாந்தின் ஹோகே வேலுவே காட்டிலும் இதே இனத்தைப் பல பத்தாண்டுகளாகக் கவனித்து வருகிறார்கள். அங்கே புழு வேகமாக முன்னேறிவிட்டது, குருவி பின்தங்கிவிட்டது. வைட்டத்துக்குள்ளேகூட எல்லாக் குருவியும் ஒரே வேகத்தில் மாறவில்லை. நலமான ஓக் மரங்கள் சூழ்ந்த பெட்டிகளில் இருப்பவை வேகமாக மாறின, நலிந்த மரங்களுக்கு நடுவே இருப்பவை மெதுவாக மாறின. ஒரே காட்டுக்குள் இத்தனை வித்தியாசம். இதைப் பெட்டி எண்ணும் தேதியும் எழுதிவைத்தவர்கள் இல்லாமல் யாராலும் கண்டுபிடித்திருக்க முடியாது.

கிரேட் டிட்டுக்கு நம் ஊரில் சொந்தக்காரர் உண்டு. நீலகிரி, பழனி, ஏற்காடு மலைகளில் திரியும் பட்டாணிக் குருவிதான் அது. அதே கறுப்புத் தலை, அதே வெள்ளைக் கன்னம், அதே மார்புக் கோடு. மஞ்சளுக்குப் பதில் சாம்பல் கலந்த வெள்ளை. பழைய புத்தகங்களில் இரண்டும் ஒரே இனமாகவே இருக்கும். இப்போது தனி இனமாகப் பிரித்துவிட்டார்கள். மலைக்குப் போனால் தேடிப் பாருங்கள்.

மலைக்குப் போக வாய்ப்பில்லாதவர்கள் பள்ளிக்கூடத்துப் புங்கமரத்தையோ வேப்பமரத்தையோ எடுத்துக்கொள்ளலாம். முதல் தளிர் என்றைக்கு வந்தது, முதல் பூ என்றைக்கு என்று ஒரு நோட்டில் தேதியோடும் ஆண்டோடும் எழுதி வையுங்கள். சீசன்வாட்ச் என்ற திட்டத்தில் நம் நாட்டுப் பள்ளி மாணவர்கள் வாரம் ஒருமுறை மரத்தைப் பார்த்து இப்படித்தான் பதிவு செய்கிறார்கள். உங்கள் ஆசிரியரிடம் சொல்லி நீங்களும் சேரலாம்.