நூறு டிகிரியில் நிற்கும் தண்ணீர்

குயிலாப்பாளையத்தில் காலை ஏழு மணிக்கு எந்தத் தெருவில் நடந்தாலும் குக்கர் விசில் கேட்கும். அப்பா பாண்டிச்சேரிக்குப் பஸ் பிடிக்க வேண்டும், அம்மா ஆரோவில் பக்கம் வேலைக்குக் கிளம்ப வேண்டும், பிள்ளைகளுக்கு டிபன் பாக்ஸ் கட்ட வேண்டும். வடக்கே மரக்காணத்தில், உப்பளத்துக்குப் போகிறவர்கள் வீட்டில் இதெல்லாம் இருட்டிலேயே நடந்து முடிந்துவிடும். வெயில் ஏறுவதற்குள் பாத்தியில் வேலையைப் பார்த்தாக வேண்டுமே! இந்த அவசரத்திலும் சோறும் குழம்பும் நேரத்துக்கு ஆகிவிடுகின்றன என்றால், அதற்குப் பாதிக் காரணம் பெற்றோரின் கைவேகம். மீதிப் பாதி, தண்ணீருக்கு இருக்கும் ஒரு குணம். அந்தக் குணத்தைத் தெரிந்துகொண்டால் குக்கர், ரைஸ் குக்கர், ஆரோவில்லில் வெயிலைக் கொண்டே சமைக்கும் பெரிய சமையற்கூடம் எல்லாமே உங்களுக்குப் புரிந்துவிடும்.

அடுப்பில் உலை வைத்தால் தண்ணீரின் சூடு மெல்ல ஏறும். 40, 60, 80 என்று ஏறி, 100 டிகிரி செல்சியஸ் வந்ததும் தளதளவென்று கொதிக்கும். அதற்கப்புறம் அடுப்பை எவ்வளவு பெரிதாக எரியவிட்டாலும், திறந்த பாத்திரத்தில் தண்ணீரின் சூடு 100-ஐத் தாண்டாது. கூடுதலாகக் கொடுக்கும் வெப்பம் முழுவதும் தண்ணீரை நீராவியாக மாற்றுவதிலேயே செலவாகிவிடும். அந்தச் செலவும் கொஞ்சநஞ்சமில்லை. ஒரு கிராம் தண்ணீரை 0 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுவர 100 கலோரி போதும். கொதிக்கிற அதே ஒரு கிராமை ஆவியாக்க இன்னும் 540 கலோரி வேண்டும்.

அப்படியென்றால், கொதி வந்துவிட்ட சோற்றுப் பானைக்கு அடியில் தீயைக் கூட்டுவதால் என்ன லாபம்? ஒன்றுமில்லை. அரிசிக்குக் கிடைப்பது அதே 100 டிகிரிதான். தண்ணீர்தான் சீக்கிரம் வற்றும், கேஸ் சீக்கிரம் தீரும். கொதி அடங்காத அளவுக்குச் சிம்மில் வைத்தாலே சோறு வெந்துவிடும்.

உப்புப் போட்டால் சீக்கிரம் வேகும் என்று சிலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். உப்புக் கரைந்த தண்ணீரின் கொதிநிலை உயரும் என்பது உண்மைதான். ஆனால் எவ்வளவு உயரும்? கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. வாயில் வைக்க முடியாத அந்தத் தண்ணீரே 100 டிகிரிக்கு மேல் ஏறக்குறைய அரை டிகிரி கூடினால் கொதித்துவிடும். ஒரு லிட்டர் குழம்புக்கு ஒரு ஸ்பூன் உப்புப் போட்டால் பத்தில் ஒரு டிகிரி ஏறினால் அதிகம். மரக்காணத்து உப்பு நம் சாப்பாட்டுக்குத் தருவது ருசியை. வேகத்தை அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது.

கொதிநிலையை நிர்ணயிப்பதில் காற்றுக்குத்தான் பெரிய பங்கு. நம் தலைக்கு மேல் இருக்கும் காற்று முழுவதும் தண்ணீரின் மேற்பரப்பை அழுத்திக்கொண்டே இருக்கிறது. அந்த அழுத்தத்தை மீறி ஆவிக் குமிழிகள் உருவாகும்போதுதான் தண்ணீர் கொதிக்கிறது. கடலோரத்தில் காற்றழுத்தம் முழுமையாக இருப்பதால் 100 டிகிரி. ஊட்டி கடல்மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் குறைவு, தண்ணீர் 93 டிகிரிக்குப் பக்கத்திலேயே கொதித்துவிடும். கொதிக்கிறதே என்று பார்த்தால் பருப்பு வெந்திருக்காது! மலையூர்களில் திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகவைப்பது அவ்வளவு பாடு.

அழுத்தம் குறைந்தால் கொதிநிலை குறையும் என்றால், அழுத்தத்தைக் கூட்டினால்? இதைச் சமையலுக்குப் பயன்படுத்திப் பார்த்தவர் பிரான்சில் பிறந்த தெனி பாப்பான். 1679-ஆம் ஆண்டு அவர் இறுக மூடிய ஒரு கனமான பாத்திரத்தைச் செய்து, அதில் எலும்பையே மிருதுவாக வேகவைத்துக் காட்டினார். அழுத்தம் அளவு மீறினால் பாத்திரம் வெடித்துவிடும் அல்லவா? அதனால் ஆவி வெளியேற ஒரு துளையும், அதை ஒரு அளவு வரை அழுத்திப் பிடித்துக்கொள்ள ஓர் எடையும் வைத்தார். உங்கள் வீட்டுக் குக்கரின் தலையில் உட்கார்ந்திருக்கும் வெயிட் அதன் வழி வந்ததுதான்.

குக்கரை மூடியதும் மூடியின் ஓரத்தில் இருக்கும் ரப்பர் கேஸ்கட் ஆவியைக் கசியவிடாமல் தடுக்கிறது. ஆவி உள்ளேயே சேர்ந்து, அழுத்தம் வெளியே இருப்பதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. இப்போது தண்ணீரின் கொதிநிலை சுமார் 120 டிகிரி. வெறும் 20 டிகிரிதானே என்று நினைக்காதீர்கள். சூடு 10 டிகிரி ஏறினால், வேகும்போது உணவுக்குள் நடக்கும் பல வேதிமாற்றங்களின் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். 20 டிகிரிக்கு அது நான்கு மடங்கு. துவரம்பருப்பும் கொண்டைக்கடலையும் குக்கரில் அவ்வளவு சீக்கிரம் வேகும் ரகசியம் இந்த 20 டிகிரிதான். அடுக்குப் பாத்திரத்தில் கீழே பருப்பு, நடுவில் அரிசி, மேலே உருளைக்கிழங்கு என்று வைத்தாலும் ஆவி எல்லா அடுக்குக்கும் போகிறது. ஒரே அடுப்பு, மூன்று பண்டம். வேலைக்கு ஓடும் பெற்றோருக்கு இதைவிடப் பெரிய உதவி வேறு எந்தச் சாமானும் செய்வதில்லை என்பது என் எண்ணம்.

விசில் என்பது என்ன? உள்ளே அழுத்தம் அளவைத் தொட்டதும் வெயிட் தூக்கிக்கொள்கிறது, கொஞ்சம் ஆவி பீறிடுகிறது, வெயிட் மறுபடி உட்கார்ந்துகொள்கிறது. விசில் வந்துவிட்டால் குக்கர் 120 டிகிரியைத் தொட்டுவிட்டது என்று பொருள். அதன்பின் தீயைக் கூட்டினால் விசில்கள் கூடும், சூடு கூடாது. பெரிய தீயில் ஐந்து நிமிடத்துக்குள் வரும் ஐந்து விசில், சிறிய தீயில் கால்மணி நேரம் ஆனாலும் வராது. ஆகவே விசிலை எண்ணிச் சமைப்பதைவிட, முதல் விசில் வந்ததும் சிம்மில் வைத்து நிமிடத்தைக் கணக்கிடுவது மேல். பருப்பு ஒவ்வொரு நாளும் ஒரே பதத்தில் வரும், கேஸும் மிஞ்சும்.

குக்கர் அந்த 100 டிகிரி எல்லையை உயர்த்துகிறது. ரைஸ் குக்கரோ அதே எல்லையை மணி அடிக்கும் சேவகனாக வைத்துக்கொள்கிறது. ஜப்பானில் 1955-ல் தோஷிபா நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த தானியங்கி மின் குக்கரை மினாமி யோஷிததா என்பவர் உருவாக்கினார். வீட்டில் மறுபடி மறுபடி சோறு பொங்கிச் சோதித்துப் பார்த்தவர் அவருடைய மனைவி ஃபூமிகோ. சோறு சரியாக வேக, கொதி வந்தபின் சுமார் 20 நிமிடம் வேண்டும் என்று கண்டார்கள். பாத்திரத்துக்குள் பாத்திரம் வைத்து, வெளிப்பாத்திரத்தில் அளவாகத் தண்ணீர் ஊற்றினார்கள். தண்ணீர் இருக்கும்வரை சூடு 100-ஐத் தாண்டாது. 20 நிமிடத்தில் தண்ணீர் வற்றியதும் சூடு சட்டென்று ஏறும். இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த தகடு அந்தச் சூட்டில் வளைந்து மின்சாரத்தை நிறுத்திவிடும். அந்த வேளையில் அம்மா குழந்தைக்குத் தலை வாரிக்கொண்டிருக்கலாம்! இப்போது நாம் வாங்கும் சாதாரண ரைஸ் குக்கரில் அடியில் ஒரு காந்தம் இருக்கிறது. சூடு 100-ஐக் கொஞ்சம் தாண்டியதும் அது காந்தத் தன்மையை இழந்துவிடும். உடனே ஒரு ஸ்பிரிங் அதை விலக்க, டக்கென்று பொத்தான் மேலேறும். சோறு ஆயிற்று.

  

இனி, முதலில் சொன்ன வெயில் சமையற்கூடத்துக்கு வருவோம். குயிலாப்பாளையத்திலிருந்து உள்ளே சைக்கிளில் போனால் ஆரோவில் சோலார் கிச்சன் வரும். 1997-ல் திறக்கப்பட்டது. அதன் மொட்டைமாடியில் வானத்தைப் பார்த்தபடி 15 மீட்டர் விட்டத்தில் ஒரு மாபெரும் கிண்ணம் இருக்கிறது. உட்புறம் முழுவதும் சிறுசிறு கண்ணாடிகள் பதித்திருக்கிறார்கள். சூரியன் நகர்ந்துகொண்டே இருக்கும், ஆனால் இவ்வளவு பெரிய கிண்ணத்தை அதற்கேற்பத் திருப்பிக்கொண்டிருக்க முடியாது. அதனால் அதைக் கோளத்தின் ஒரு துண்டாக வடிவமைத்தார்கள். கோளத்தை எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் ஒரே வடிவம்தானே? சூரியன் எங்கே இருந்தாலும், கண்ணாடிகளில் பட்டுத் திரும்பும் ஒளி அந்தத் திசைக்கு நேரான ஒரு கோட்டில் குவிகிறது. அந்தக் கோட்டில் நீளமான ஒரு கொதிகலன் தொங்குகிறது. கிண்ணம் அசையாது. கொதிகலன் மட்டும் கணினி சொல்படி சூரியனுக்கேற்ப நகரும்.

வெயில் நன்றாக அடிக்கும் நாளில் இதில் 150 டிகிரி சூட்டில் நீராவி கிடைக்கிறது. அந்தச் சூட்டில் நீராவியின் அழுத்தம் காற்றழுத்தத்தைப்போல் ஏறக்குறைய ஐந்து மடங்கு! உங்கள் வீட்டுக் குக்கரில் நடப்பதே இங்கே பெரிய அளவில் நடக்கிறது. ஆவி குழாய் வழியே சமையலறைக்கு இறங்கி, பெரிய பாத்திரங்களைச் சூடாக்கி மறுபடி தண்ணீராகிறது. ஆவியாகும்போது கிராமுக்கு 540 கலோரி வாங்கிக்கொண்டது நினைவிருக்கிறதா? தண்ணீராகும்போது ஏறக்குறைய அவ்வளவையும் பாத்திரத்துக்குத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. இப்படி ஒரே நாளில் ஆயிரம் பேருக்கு இரண்டு வேளைச் சாப்பாடு சமைக்க முடியும். மழைநாளிலும் மேகமூட்டத்திலும் டீசல் கொதிகலன் கைகொடுக்கும். மழைக்காலத்தில் உப்பளங்கள் ஓய்வதைப்போல் சமையலை நிறுத்திவைக்க முடியாது. சாப்பிடுகிறவர்களுக்குத் தினமும் பசிக்குமே.

ஆவி திருப்பிக் கொடுக்கும் அந்த 540 கலோரி உங்கள் விரல் மேல் விழுந்தால் என்ன ஆகும் என்றும் யோசியுங்கள். கொதிநீர் பட்ட புண்ணைவிட ஆவி பட்ட புண் மோசமாக இருப்பது இதனால்தான். குக்கரை அவசரமாகத் திறப்பது அதைவிட ஆபத்து. 120 டிகிரியில் இருக்கும் தண்ணீருக்குச் சட்டென்று அழுத்தம் போய்விட்டால், அது பருப்போடு சேர்ந்து பொங்கி முகத்தில் அடிக்கும்.

காலை வேலையில் உங்கள் பங்காக இரண்டைச் செய்யுங்கள். இரவே கொண்டைக்கடலையை ஊறப்போட்டு வையுங்கள். காலையில் முதல் விசில் வந்ததும் அம்மாவிடமோ அப்பாவிடமோ சொல்லி அடுப்பைச் சிம்மில் வைக்கச் செய்து, எத்தனை நிமிடத்தில் எது வெந்தது என்று ஒரு நோட்டில் எழுதி அடுப்படியில் மாட்டுங்கள். மூடியை மட்டும் தொடாதீர்கள். ஆவி முழுவதும் அடங்கிய பிறகு பெரியவர்கள் திறக்கட்டும்.