வீட்டு நீரைக் காப்போம், தூய்மையாய் வைப்போம்

விடியற்காலையில் பால் வெட்டச் சென்று, வெயில் ஏறிய பின் வீடு திரும்பும் தொழிலாளி முதலில் நாடுவது தண்ணீரையே. குழாயைத் திறந்தால் நீர் வரும் என்னும் நம்பிக்கையில் நாம் அதன் அருமையை மறந்து விடுகிறோம். நம் ஜொகூர் மாநிலத்தில் அந்நம்பிக்கை பொய்த்துப்போன இரு நிகழ்ச்சிகளை இங்கு நினைவுகூர்வது பயனுடையதாகும்.

முதலாவது, 2016ஆம் ஆண்டின் வறட்சி. ஜொகூர் ஆற்றின் மேற்பகுதியில் லிங்கியு நீர்த்தேக்கம் உள்ளது. மழை குறையுங்காலத்தில் அதிலிருந்து திறந்துவிடப்படும் நீரே, கடலின் உப்பு நீர் ஆற்றுக்குள் ஏறிவராமல் தடுக்கிறது. நம் மாநில மக்களேயன்றி, 1962ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி நாளொன்றுக்கு 25 கோடி கேலன் வரை எடுக்கும் சிங்கப்பூரும் இந்த ஆற்றை நம்பியுள்ளது. இத்தகைய தேக்கத்தின் நீரளவு 2016 அக்டோபரில் 20 விழுக்காட்டிற்கு இறங்கியது. அவ்வாண்டில் மாநிலத்தின் சில வட்டாரங்களில் முறைவைத்து நீர் வழங்க நேர்ந்தது.

இரண்டாவது, 2019 ஏப்ரலில் நிகழ்ந்தது. அப்போது ஆற்றில் நீர் இருந்தது. ஆயினும் அதில் அம்மோனியாவின் அளவு உயர்ந்துவிட்டதால் சுத்திகரிப்பு நிலையங்கள் தற்காலிகமாக நிறுத்தப்பட்டன. அம்மோனியா நமக்குப் புதியதன்று. பால் உறைந்துவிடாதிருக்க நாம் சேர்க்கும், மூக்கைத் துளைக்கும் அதே பொருள்தான். நீரிலுள்ள கிருமிகளைக் கொல்லச் சேர்க்கப்படும் குளோரினோடு இது கலந்து, அதன் வலிமையைக் குறைத்து விடுகிறது.

இவ்விரு நிகழ்ச்சிகளும் உணர்த்துவது ஒன்றே. நீர் குறைந்தாலும் குழாய் வறளும். நீர் கெட்டாலும் குழாய் வறளும். ஆகவே நீரைச் சிக்கனமாகச் செலவிடுவதும் அதைத் தூய்மையாக வைத்திருப்பதும் இரு வேறு கடமைகள் அல்ல.

தொழிலாளர்க்குக் குடியிருப்பு வழங்கும் தோட்ட நிர்வாகம், குழாய் நீரை இலவசமாகவும் போதுமான அளவிலும் தரவேண்டும் என்று 1990ஆம் ஆண்டின் குறைந்தபட்ச வீட்டுவசதித் தரச் சட்டம் கூறுகிறது. இது நமது உரிமை. ஆனால் இலவசம் என்பதால் வீணாக்கலாம் என்று கருதுவது தவறு. கட்டணத்தை யார் செலுத்தினாலும், வீணாகும் நீர் ஆற்றிலிருந்தே குறைகிறது.

ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். பழுதான குழாயிலிருந்து நொடிக்கு ஒரு துளி வீதம் சொட்டுவதாகக் கொள்வோம். 20 துளி ஒரு மில்லிலிட்டர் என்றால், ஒரு நாளில் 4 லிட்டருக்கு மேலும், ஒரு மாதத்தில் 120 லிட்டருக்கு மேலும் வீணாகிறது. பத்து வீடுகளில் இவ்வாறு சொட்டினால் இழப்பு 1,200 லிட்டரைத் தாண்டும். இதைத் தடுக்கப் பெரும்பாலும் குழாயினுள் இருக்கும் தேய்ந்த ரப்பர் வாசரை மாற்றினாலே போதும். நாம் வெட்டும் பாலிலிருந்து செய்யக்கூடிய சிறு வளையமே நம் நீரைக் காக்கிறது! அரிசி கழுவிய நீரைச் செடிகளுக்கு ஊற்றுவதும், துணி அலசிய நீரால் வாசலைக் கழுவுவதும் எல்லாராலும் இயலும்.

இனி, நீரைச் சேமித்து வைக்கும் முறையைக் காண்போம். நீர் தடைபட்டு மீண்டும் வரும்போது முதலில் கலங்கலாக வருவதுண்டு. அதைத் தனியே பிடித்துக் கழுவுதற்குப் பயன்படுத்துக. தெளிந்த நீரையே குடிப்பதற்கு எடுத்துக்கொள்க. தேங்கிய நீரில் குளோரின் நாளடைவில் குறைந்துவிடும். எனவே குடிநீரை நன்கு கொதிக்கவைத்து ஆறவிட்டு, மூடிய பாத்திரத்தில் வைத்தல் வேண்டும். கையை உள்ளே விடாது, பிடியுள்ள அகப்பையால் மொண்டெடுப்பதே நலம். வயிற்றுப்போக்கினால் சிறு குழந்தைகளே பெரிதும் துன்புறுகின்றனர் என்பதைத் தாய்மார்கள் மறவாதிருத்தல் வேண்டும்.

தொட்டிகளும் பீப்பாய்களும் மூடியிருத்தல் வேண்டும். டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு, பாத்திரத்தின் உட்சுவரில் முட்டையிடுகிறது. நீரைக் கொட்டினாலும் அம்முட்டைகள் பல மாதங்கள் உயிரோடிருக்கும். ஆகையால் வாரம் ஒருமுறை உட்புறத்தைத் தேய்த்துக் கழுவவேண்டும். வெட்டாமல் விடப்பட்ட மரங்களிலுள்ள பால் மங்குகளையும் கவிழ்த்து வைப்பது அவசியம்.

மற்றோர் எச்சரிக்கை: களைக்கொல்லி வந்த கலங்களிலும், பால் உறைய வைக்கும் திராவகம் வந்த கலங்களிலும் எக்காரணம் கொண்டும் நீர் பிடித்து வைத்தல் ஆகாது. எத்தனை முறை கழுவினாலும் அவை வீட்டிற்கு உதவா. அவற்றை ஓடையில் கழுவுவதும் தவறு. நம் தோட்டத்து ஓடையில் கலந்த நஞ்சு, கீழ்ப்பகுதியில் வாழ்வோரின் குழாயைச் சென்றடையக்கூடும்.

குழாய் நீரில் நிறமோ நாற்றமோ மாறினால், வாளியில் பிடித்து நிர்வாகத்தாரிடம் காட்டுங்கள். கேட்டும் பயனில்லையெனில் தொழிலாளர் இலாகாவையோ சுகாதார இலாகாவையோ நாடலாம். முறையிடுவது உரிமை, முறையாய்ப் பயன்படுத்துவது கடமை. இன்று மாலையே ஒவ்வொரு குடும்பமும் தன் வீட்டுக் குழாயையும் தொட்டியையும் ஒருமுறை சோதித்துப் பார்க்குமானால், அதுவே நல்ல தொடக்கமாகும்.