பதர், கருக்காய், முழு மணி... பூத்த 10 நாளில் நெல்லுக்குள் நடப்பது என்ன?

அறுவடை முடிந்து நெல்லைத் தூற்றினால் மூன்று வகையாகப் பிரியும். காற்றோடு பறந்து போவது பதர். உமிக்குள் பாதி அரிசியோடு நின்றுபோனது கருக்காய். கனமாக நேரே கீழே விழுவது முழு மணி. மூன்றுமே ஒரே கதிரில், ஒரே உரத்தையும் தண்ணீரையும் எடுத்து வளர்ந்தவைதான். அப்புறம் ஏன் இந்த வித்தியாசம்?

இதற்கான பதிலில் பெரும்பகுதி, பூ மலர்ந்த முதல் பத்து நாளில் உமிக்குள்ளே செல் அளவில் நடக்கும் வேலைகளில் இருக்கு. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

ஒரு மணி நேரம் திறக்கும் கதவு

நெற்பூவுக்கு வண்ண இதழ்கள் கிடையாது. நாம் உமி என்று சொல்லும் இரண்டு மூடிகள்தான் அதற்குக் கதவு. உள்ளே அடிப்பகுதியில் இருக்கும் இரண்டு சின்ன செதில்கள் தண்ணீரை உறிஞ்சி உப்பும்போது, உமி விலகிப் பூ திறக்கும். பெரும்பாலும் முற்பகலில் இது நடக்கும். சுமார் ஒரு மணி நேரத்தில் கதவு மூடிவிடும். ஒருமுறை மூடினால் மீண்டும் திறக்காது.

திறக்கும் நேரத்தை ஒட்டி உள்ளே இருக்கும் ஆறு மகரந்தப் பைகளும் வெடித்து, அதே பூவின் சூலகமுடியில் மகரந்தம் கொட்டுகிறது. நெல் பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருவுறும் பயிர். ஆனால் வெளியே வந்த மகரந்தத்துக்கு உயிர் இருப்பது சில நிமிடங்கள் மட்டுமே. அதற்குள் இடம் சேரணும்.

ஒரு பூவில் இரண்டு கருவுறுதல்

சூலகமுடியில் விழுந்த மகரந்தம் ஒரு மெல்லிய குழாயை வளர்த்துக்கொண்டு சூலகத்துக்குள் இறங்கும். அந்தக் குழாய் வழியாக இரண்டு ஆண் செல்கள் போகின்றன. ஒன்று அண்ட செல்லோடு சேர்கிறது. அதுதான் பிற்காலத்தில் முளைத்து நாற்றாகும் கரு.

இன்னொன்று, இரண்டு உட்கருக்கள் கொண்ட மைய செல்லோடு சேர்கிறது. அதிலிருந்து உருவாவது கருவூண் திசு. நாம் தினமும் சோறாகச் சாப்பிடுவது முக்கியமாக இதைத்தான்!

இதற்குப் பெயர் இரட்டைக் கருவுறுதல். 1898-ல் ரஷ்யத் தாவரவியலாளர் செர்கேய் நவாஷின், லில்லி வகைச் செடிகளில் இதைக் கண்டறிந்தார். நெல்லில் கணக்கு இப்படி: கருவில் 24 குரோமோசோம்கள், கருவூண் திசுவில் 36. தாயிடமிருந்து இரண்டு பங்கு, தந்தையிடமிருந்து ஒரு பங்கு.

சுவர் இல்லாமல் வளரும் திசு

அடுத்து நடப்பதுதான் சுவாரஸ்யம். வழக்கமாக ஒரு செல் பிரிந்தால் நடுவில் சுவர் எழுந்து இரண்டு செல்லாகும். கருவூண் திசுவில் முதல் இரண்டு மூன்று நாட்களுக்கு அப்படி நடப்பதில்லை. உட்கரு மட்டும் இரண்டு, நான்கு, எட்டு என்று பெருகிக்கொண்டே போகும். சுவரே இல்லாத ஒரே பெரிய செல்லுக்குள் ஏராளமான உட்கருக்கள் ஓரமாக வரிசைகட்டி நிற்கும்.

ஏறக்குறைய மூன்றாம் நாளில்தான் உட்கருக்களுக்கு இடையே சுவர் எழத் தொடங்குகிறது. ஓரத்திலிருந்து உள்நோக்கி அடுக்கடுக்காகச் செல்கள் உருவாகி, ஓரிரு நாளில் நடுப்பகுதி வரை நிரம்பிவிடும். அதன் பிறகும் செல்கள் பிரியும். ஆனால் பத்தாம் நாள் வாக்கில் எண்ணிக்கை கிட்டத்தட்ட முடிவாகிவிடுகிறது. அதற்குப் பிறகு முக்கிய வேலை மாவுச்சத்து நிரப்புவதுதான். எத்தனை மூட்டை என்பது முதல் பத்து நாளில் தீர்மானமாகும். அடுத்த இருபது நாளில் அந்த மூட்டைகள் நிரம்பும்.

கருவும் சும்மா இருப்பதில்லை. நான்கு, ஐந்து நாளில் குருத்துக்கும் வேருக்குமான இடங்கள் உருவாகத் தொடங்கும். பத்து நாள் வாக்கில் ஒரு குட்டிச் செடியின் வடிவமே தயாராகிவிடும்.

மணிக்கு இன்னொரு எல்லையும் உண்டு. உமியின் அளவு பூ மலர்வதற்கு முன்பே முடிவாகிவிடும். உள்ளே அரிசி எவ்வளவு வளர்ந்தாலும் அந்தக் கூட்டைத் தாண்ட முடியாது.

பதர் எங்கே, கருக்காய் எங்கே?

கருவுறுதலே நடக்கவில்லை என்றால் உமி வெறுமையாக நின்றுவிடும். அது பதர். கருவுற்ற பிறகு, செல்கள் உருவாகும்போதோ மாவுச்சத்து நிரம்பும்போதோ வேலை தடைபட்டால் அது கருக்காய். அதாவது, பதரில் பெரும்பாலும் பிரச்சினை பூ திறந்த அன்றே வந்துவிடுகிறது. கருக்காயில் அதற்குப் பின்னால் வருகிறது. வயலில் எப்போது சிக்கல் ஏற்பட்டது என்பதற்கு இது ஒரு தடயம்.

ஆனால் எல்லாப் பதரும் இப்படி வருவதில்லை. தண்டு துளைப்பான் தாக்கினால் கதிரே வெளுத்துச் சாவியாகிவிடும். கதிர் நாவாய்ப்பூச்சி பால் பிடிக்கும் மணியை உறிஞ்சினாலும் மணி நிரம்பாது.

வெயில் என்ன செய்யும்?

பூ திறந்திருக்கும் நேரத்தில் வெப்பம் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டி ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்தால், மகரந்தப் பைகள் சரியாக வெடிக்காது. மலட்டுப் பூக்கள் அதிகரிக்கும். பூக்கும் நேரத்தில் அடைமழை பெய்தாலும் மகரந்தச் சேர்க்கை பாதிக்கப்படும்.

கருவுற்ற அடுத்த நாட்களில் வெப்பம் கூடினால் கதை வேறு. உட்கருக்கள் போதுமான அளவு பெருகும் முன்பே சுவர் எழத் தொடங்கிவிடும், மணி சிறுத்துப்போகும். வெப்பம் இன்னும் கடுமையானால் சுவர் எழுவதே தவறி, விதை வளராமல் நின்றுவிடும். மாவு நிரம்பும் கட்டத்தில் வெப்பம் தாக்கினால், மாவுத் துகள்களுக்கு இடையே இடைவெளி விழுந்து அரிசியில் சுண்ணாம்பு போன்ற வெள்ளைப் பகுதி தெரியும். அப்படிப்பட்ட அரிசி ஆலையில் எளிதில் உடைந்து குருணையாகும்.

விவசாயிகள் என்ன செய்யலாம்?

- பூக்கும் நாட்களில் காலை நேரத்தில் மருந்து தெளிக்க வேண்டாம். அவசியம் என்றால் பூக்கள் மூடிய பிறகு, மாலையில் தெளிக்கலாம்.
- கதிர் வெளிவருவது முதல் பால் பிடிக்கும் வரை வயல் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தண்ணீர் குறைந்தால் பதரும் கருக்காயும் சேர்ந்தே கூடும்.
- கோடை நெல்லில், பூக்கும் பருவம் உச்சகட்ட வெயிலில் மாட்டாதபடி ரகத்தின் வயதைக் கணக்கிட்டு விதைப்பு நாளை முடிவு செய்யலாம்.

விஞ்ஞானிகள் இன்னொரு வழியையும் முயன்று வருகிறார்கள். வெயிலைத் தாங்க வைப்பதற்குப் பதிலாக, வெயில் ஏறும் முன்பே பூவைத் திறக்க வைப்பது! ஒரைசா அபிசினாலிஸ் என்ற காட்டு நெல்லில் இருந்து இந்தக் குணத்தை எடுத்து, ஐ.ஆர்.64 ரகத்துக்குக் கலப்பு முறையில் கொண்டு வந்திருக்கிறார்கள். அந்தப் பயிர், வழக்கமான ஐ.ஆர்.64-ஐ விட ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் முன்னதாகப் பூக்கிறது. மதிய வெயில் வருவதற்குள் கருவுறுதல் முடிந்துவிட்டால், பதராகப் போயிருக்க வேண்டிய பூக்களில் ஒரு பகுதியாவது மணியாகும்.