நெடும்பயண சைக்கிளுக்கு ஸ்டீல் ஃபிரேம்: ஸ்டிக்கரில் உள்ள பெயரை நம்பி வாங்கலாமா?

சேலத்திலிருந்து ஏற்காடு போகும் சாலையில், மலை அடிவாரத்துக்கு முன்னால் இருக்கிறது கொண்டப்பநாயக்கன்பட்டி. இங்கிருந்து மேலே போனால் 20 கொண்டை ஊசி வளைவுகள், சுமார் 1,200 மீட்டர் ஏற்றம். கீழே இறங்கி சேலத்தைத் தாண்டினால் தேசிய நெடுஞ்சாலை 44. நாமக்கல், கரூர், மதுரை வழியாகக் கன்னியாகுமரி வரை மிதித்துக்கொண்டே போகலாம்.

வார இறுதியில் ஏற்காடு ஏறிப் பழகியவர்களுக்கு அடுத்த ஆசை, மூட்டை முடிச்சோடு பத்து, பதினைந்து நாள் பயணம். அப்போதுதான் வருகிறது ஃபிரேம் குழப்பம். கடையில் கேட்டால், "அலாய் வாங்குங்க சார், வெயிட் கம்மி" என்பார்கள். பயணம் போய் வந்தவர்களோ, "ஸ்டீல்தான் பாஸ், எங்க உடைஞ்சாலும் வெல்டிங் வெச்சுக்கலாம்" என்பார்கள். சரி, ஸ்டீல் என்று முடிவெடுத்தாலும் ஹைடென், குரோமோலி, ரெனால்ட்ஸ், கொலம்பஸ் என்று பெயர்கள் வரிசை கட்டும். பெயருக்குக் கூடுதல் பணம் கொடுத்துவிட்டு, சுமை ஏற்றியதும் ஆடுகிற சைக்கிளோடு மலையிறங்கும் ஆபத்தும் இதில் இருக்கிறது.

எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

சேலம் ஸ்டீலும் சைக்கிள் ஸ்டீலும்

சேலம்காரர்களுக்கு ஸ்டீல் என்றதும் நினைவுக்கு வருவது உருக்காலையின் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். அதில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் இருக்கும். துரு பிடிக்காமல் காப்பது அதுதான்.

சைக்கிள் உலகில் அதிகம் பேசப்படும் குரோமோலியிலும் (4130 என்ற எண்ணிலும் விற்கப்படுவது) குரோமியம் உண்டு. ஆனால் 0.8 முதல் 1.1 சதவீதம்தான். கூடவே 0.15 முதல் 0.25 சதவீதம் மாலிப்டினம். இவை சேர்க்கப்படுவது வலிமைக்காக, துருவைத் தடுக்க அல்ல. அதனால் 'குரோம்' என்ற பெயரைப் பார்த்து, துரு பிடிக்காது என்று நினைத்துவிடக் கூடாது.

ஹைடென் என்பது சாதாரண கார்பன் ஸ்டீல். விலை குறைவு, வலிமையும் குறைவு. அதை ஈடுகட்டக் குழாயின் சுவரைத் தடிமனாக்குகிறார்கள். எடை கூடுகிறது. வலிமையான குரோமோலியில் குழாயை இளைக்கலாம். மூட்டுகள் வரும் இரு முனைகளில் தடிமனாகவும் நடுவில் மெல்லியதாகவும் இழுப்பதற்கு 'பட்டிங்' என்று பெயர். 0.9–0.6–0.9 மி.மீ. என்று எழுதியிருந்தால், முனைகளில் 0.9, நடுவில் 0.6 என்று பொருள்.

இந்த முறைக்கு 1897-ல் காப்புரிமை பெற்றவர் இங்கிலாந்தின் ஆல்ஃபிரட் ரெனால்ட்ஸ். புகழ்பெற்ற ரெனால்ட்ஸ் 531 குழாய் 1935-ல் வந்தது. அந்த நிறுவனம் பின்னாளில் சேர்ந்திருந்த டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் குழுமம்தான், முருகப்பா குழுமத்தோடு சேர்ந்து 1949-ல் சென்னையில் டிஐ சைக்கிள்ஸைத் தொடங்கியது. ஹெர்குலிஸ், பிஎஸ்ஏ என்று நம்மூரில் ஓடியவை அங்கிருந்து வந்தவை.

வலிமை வேறு, விறைப்பு வேறு

ஃபிரேம் வாங்குபவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இது. விலை உயர்ந்த ஸ்டீல் என்றால் சைக்கிள் 'ஸ்டிஃப்' ஆக இருக்கும் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை.

வலிமை என்பது எவ்வளவு விசையில் குழாய் நிரந்தரமாக வளையும் அல்லது உடையும் என்பது. விறைப்பு என்பது உடைவதற்கு வெகு முன்பே, மிதிக்கும்போது எவ்வளவு நெளிகிறது என்பது. ஹைடெனோ, குரோமோலியோ, ரெனால்ட்ஸ் 853-ஓ, எல்லா ஸ்டீலுக்கும் இயல்பான விறைப்பு ஏறக்குறைய ஒன்றுதான், சுமார் 200 கிகாபாஸ்கல். அளவு ஒன்றாக இருந்தால் விலை மலிவான குழாயும் விலை உயர்ந்த குழாயும் ஒரே அளவுதான் நெளியும்.

அப்படியென்றால் விறைப்பை முடிவு செய்வது எது? குழாயின் விட்டமும் சுவரின் தடிமனும். சுவர் அதேதான் என்றால், 25.4 மி.மீ. குழாய்க்குப் பதில் 28.6 மி.மீ. குழாய் வைத்தாலே விறைப்பு சுமார் 40 சதவீதம் கூடிவிடும்.

853 போன்ற மிக வலிமையான ஸ்டீலின் பலனே குழாயை இன்னும் இளைக்கலாம் என்பதுதான். பந்தய சைக்கிளுக்கு அது நல்லது. பின்னால் 20 கிலோ கட்டிக்கொண்டு போகிறவருக்கு அதே மெல்லிய குழாய் அதிகமாக நெளியும். இறக்கத்தில் வேகம் கூடும்போது ஹேண்டில்பார் தானாக நடுங்க ஆரம்பிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஏற்காடு வளைவுகளில் அந்த நடுக்கம் வந்தால் விளையாட்டு அல்ல.

அதனால் சுமைப் பயணத்துக்கு, மேல் குழாய் 28.6 மி.மீ., கீழ்க் குழாய் 31.8 மி.மீ. விட்டத்தில் உள்ள சாதாரண குரோமோலி ஃபிரேம், விலை உயர்ந்த இலகு ஃபிரேமை விடப் பெரும்பாலும் பொருத்தமானது.

எடைக்கு எவ்வளவு கவலைப்படலாம்?

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். மிதிப்பவர் 70 கிலோ, சைக்கிள் 14 கிலோ, சுமை 20 கிலோ. மொத்தம் 104 கிலோ. ஃபிரேமில் அரை கிலோ குறைத்தால் மிச்சமாவது அரை சதவீதத்துக்கும் கீழே. இரண்டு மணி நேரம் பிடிக்கும் மலையேற்றத்தில் அது சுமார் அரை நிமிடம். ஒரு அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலின் எடை அது, அவ்வளவுதான்.

பால்காரர் சைக்கிள் சொல்லும் பாடம்

இரண்டு பக்கமும் பால் கேன் தொங்க, அலுங்காமல் போகும் பழைய ஹெர்குலிஸ் சைக்கிளைக் கவனித்தால் விஷயம் புரியும். இரு சக்கரங்களுக்கும் இடையே நீளம் அதிகம். முன் ஃபோர்க் நன்றாகச் சாய்ந்திருக்கும். வளைவதில் சோம்பேறி, ஆனால் நேராகப் போவதில் கெட்டி.

டூரிங் ஃபிரேமின் இலக்கணமும் இதுதான். பெடல் அச்சிலிருந்து பின் சக்கர அச்சு வரை உள்ள செயின் ஸ்டே நீளத்தை முதலில் பாருங்கள். பந்தய சைக்கிளில் அது 410 மி.மீ. அளவில் இருக்கும். டூரிங்குக்கு 440 முதல் 460 மி.மீ. வேண்டும். குறைந்தால் ஒவ்வொரு மிதியிலும் குதிகால் பையில் இடிக்கும். இடிக்காமல் இருக்கப் பையைப் பின்னால் தள்ளினால், பாரம் பின் அச்சைத் தாண்டிப் போய் ஆட்டம் கூடும்.

இதற்கும் முன்னால் பார்க்க வேண்டியது, ஃபிரேம் உங்கள் உடம்புக்குப் பொருந்துகிறதா என்பது. ஒரு நாளில் ஏழெட்டு மணி நேரம் உட்கார வேண்டிய இடம். சைஸ் தப்பினால் எந்த ஸ்டீலும் முதுகையும் கழுத்தையும் காப்பாற்றாது.

ஓட்டைகளை எண்ணுங்கள்

கேரியருக்கும் மட்கார்டுக்கும் தனித்தனி திருகு ஓட்டைகள் பின் அச்சருகே இருக்கின்றனவா? முன் ஃபோர்க்கில் கேரியர் மாட்ட வழி உண்டா? மூன்று தண்ணீர் பாட்டில் மாட்டலாமா? 38 மி.மீ. டயரும் மட்கார்டும் ஒன்றாக நுழைகிற இடைவெளி இருக்கிறதா? இவற்றைப் பின்னால் சேர்ப்பது சிரமம்.

சக்கர அளவும் ஃபிரேமோடு முடிவாகிற விஷயம். 26 இன்ச் எம்டிபி டயர் சிறிய ஊர்க் கடைகளிலும் கிடைக்கும். 700சி டயருக்கு சேலம், மதுரை போன்ற நகரங்களை எதிர்பார்க்க வேண்டியிருக்கும். இதில் ஒரு பொறி உண்டு. பழைய ரோட்ஸ்டர் சைக்கிளின் 28 இன்ச் டயரும் 700சி-யும் ஒன்றல்ல. முன்னதன் ரிம் அளவு 635 மி.மீ., பின்னது 622 மி.மீ. ஒன்றுக்கு ஒன்று மாற்றாகாது.

எங்கும் வெல்டிங் வைக்கலாமா?

பாதி உண்மை. நாமக்கல் பக்கம் லாரி பாடி கட்டும் பட்டறைகளுக்கும் வெல்டர்களுக்கும் பஞ்சமே இல்லை. ஆனால் அங்கே தினமும் பற்றவைக்கப்படுவது பல மி.மீ. தடிமனான இரும்பு. அதே ஆர்க் வெல்டிங்கை 0.6 மி.மீ. குழாயில் வைத்தால் ஓட்டை விழுந்துவிடும்.

உடைந்தது தடிமனான அச்சுத் தகடா, கேரியர் காதா என்றால் பயப்பட வேண்டாம். குழாயே விரிசல் விட்டால், கேஸ் வைத்துப் பித்தளையால் பற்றவைக்கத் தெரிந்தவரையோ, டிக் வெல்டரையோ தேடுவது நல்லது. பித்தளை சுமார் 900 டிகிரி செல்சியஸில் உருகி ஒட்டிவிடும். ஸ்டீல் உருக 1,400 டிகிரிக்கு மேல் வேண்டும். அதனால் குழாய் உருகாமல் தப்பிக்கும். அப்படியும் அது ஊர் வந்து சேர்வதற்கான வழிதான். பிறகு முறையாகச் சரிபார்த்தாக வேண்டும்.

ஆனாலும் ஸ்டீலுக்கு ஒரு பெரிய சாதகம் உண்டு. அது பெரும்பாலும் விரிசல் காட்டி, நெளிந்து, எச்சரித்துவிட்டுத்தான் உடையும். அலுமினிய ஃபிரேமைப் பற்றவைத்தால் வலிமை திரும்ப வெப்பப் பதப்படுத்தல் வேண்டும். வழியோரப் பட்டறையில் அது நடக்காது.

துருவுக்கு என்ன செய்வது?

வெளியே பெயின்ட் காப்பாற்றும். ஆபத்து உள்ளே. வாங்கியதும் குழாய்களுக்குள் துரு தடுப்பு எண்ணெய் அடிக்கச் சொல்லுங்கள். பெடல் அச்சுக் கூட்டின் அடியில் தண்ணீர் வடிய ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். சீட் போஸ்ட்டை அவ்வப்போது கழற்றி கிரீஸ் தடவுங்கள். விட்டால் ஃபிரேமோடு இறுகிப்போகும். நாகப்பட்டினம், ராமேஸ்வரம் போன்ற கடலோரப் பயணம் என்றால் திரும்பியதும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைப்பது கட்டாயம்.

செகண்ட் ஹேண்டில் வாங்குகிறீர்களா?

காந்தம் ஒட்டினால் பொதுவாக ஸ்டீல். ஆனால் ஹைடெனிலும் ஒட்டும், குரோமோலியிலும் ஒட்டும். ஸ்டிக்கரை யார் வேண்டுமானாலும் ஒட்டலாம். சீட் போஸ்ட் அளவு அவ்வளவு எளிதில் பொய் சொல்லாது. 28.6 மி.மீ. சீட் குழாய்க்குள் 27.2 மி.மீ. போஸ்ட் இறங்கினால் அங்கே சுவர் சுமார் 0.7 மி.மீ.தான். நல்ல குழாய்க்கான அறிகுறி. 26 மி.மீ.க்கும் கீழே என்றால் சுவர் தடிமன், பெரும்பாலும் ஹைடென்.

'குரோமோலி' என்று எழுதியிருந்தாலும் மூன்று முக்கியக் குழாய்கள் மட்டுமா, செயின் ஸ்டேயும் ஃபோர்க்கும் சேர்த்தா என்று கேளுங்கள். ஹேண்டிலுக்குக் கீழே, கீழ்க் குழாயின் அடிப்பக்கத்தில் பெயின்ட் சுருங்கியோ குழாய் புடைத்தோ இருந்தால் வண்டி முன்பக்கம் மோதியது. விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம்.

முடிவெடுக்கும் வரிசை

முதலில் சைஸ். அடுத்து செயின் ஸ்டே நீளமும் சாய்வும். பிறகு கேரியர் ஓட்டைகள், டயர் இடைவெளி, சக்கர அளவு. அதன்பின் குழாயின் விட்டமும் தடிமனும். ஸ்டீலின் பெயர் கடைசி.

கடை வாசலில் வெறும் சைக்கிளை ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பதில் ஒன்றும் தெரியாது. முடிந்தால் கேரியர் மாட்டி, இரண்டு பக்கமும் ஐந்தைந்து கிலோ அரிசி மூட்டை கட்டி, ஒரு சிறிய இறக்கத்தில் இறங்கிப் பாருங்கள். ஹேண்டில் அமைதியாக இருந்தால் அதுதான் உங்கள் ஃபிரேம்.