மந்தையில் வளர்ந்தால்தான் காவல்நாய்

பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் நடுவிலுள்ள பைரனீஸ் மலையில் ஆட்டுக்கிடைக்குக் காவல், பைரனீஸ் மலைநாய் எனும் வெள்ளை நாய்தான். கடுவன் 50 கிலோ அளவுக்கு வரும். ஆட்டை மடக்கி ஓட்டாது. கரடி, ஓநாய் வந்தால் குறுக்கே நின்று, பெரும்பாலும் குரைத்தே விரட்டும். 1996-ல் ஸ்லோவேனியாவிலிருந்து கரடிகளைக் கொண்டுவந்து விட்ட பிறகு இதன் தேவை கூடியது.

இரண்டு மாதக் குட்டியையே ஆட்டோடு பட்டியில் விட்டு வளர்க்கிறார்கள். மந்தையை நம்பி ஒப்படைக்க இரண்டு வருடமாகும். வீட்டில் கொஞ்சி வளர்த்தால், மந்தையை விட்டு மனிதர் பின்னால் வந்துவிடும். மனிதப் பழக்கமே இல்லாவிட்டால், வழிப்போக்கர் மீது பாயக்கூடும். அதனால் மேய்ப்பர் அளவோடு தொட்டுப் பழக்க வேண்டும்.

சொன்னதை உடனே கேட்காது; இரவில் குரைக்கும். வேலையும் இடமும் இல்லாதவர் அழகைப் பார்த்து வாங்கக் கூடாது. 10 வருடம் வைத்துப் பார்க்க வேண்டிய உயிர் அது.