உலகை விட்டுப் போன வைசூரி

உங்கள் வீட்டில் எழுபது வயதை அண்டிய யாராவது இருந்தால், இன்று வீடு சென்றதும் அவர்களுடைய மேற்கையைப் பாருங்கள். அங்கே வட்டமாக, சற்றுக் குழிந்த ஒரு தழும்பு இருக்கக்கூடும். எங்கள் உம்மம்மாவின் கையிலும் அது இருக்கிறது. எனது இடது கையிலும் ஒரு தழும்பு உண்டு; இரண்டும் ஒன்றுதான் என்று நீண்ட காலம் நினைத்திருந்தேன். நமது தழும்பு, பிறந்தவுடன் காசநோய்க்கு எதிராகப் போடப்படும் பீ.சீ.ஜீ. தடுப்பூசியால் வந்தது. உம்மம்மாவிடம் கேட்டபோது அவர் சொன்னார்: "இது அம்மை குத்தின தழும்பு புள்ள. வைசூரி வராம இருக்கக் குத்தினது."

அவரிடம் அதைக் கேட்க வைத்தது ஒரு படிவம். தரம் 6 இல் படிக்கும் என் தங்கை பாடசாலையிலிருந்து அதைக் கொண்டுவந்தாள். எச்.பீ.வீ. தடுப்பூசி போடுவதற்குப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்று அதில் இருந்தது. உம்மா அதை மடித்து அலுமாரிக்குள் வைத்துவிட்டார். "இந்த ஊசி போட்டா பிள்ளைப் பாக்கியம் இல்லாமப் போகுமாம்" என்று வாட்ஸ்அப்பில் வந்த ஒரு குரல் பதிவை அவர் கேட்டிருந்தார். பிள்ளைகள் மீதுள்ள பாசத்தால்தான் உம்மா பயந்தார். அந்தப் பயத்துக்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டுமென்றே வைசூரியின் வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

வைசூரி அல்லது பெரியம்மை, வேரியோலா என்ற வைரசினால் ஏற்பட்டது. முதலில் கடும் காய்ச்சலும் முதுகுவலியும் வரும். பின்னர் முகத்திலும் கைகால்களிலும் சீழ்க் கொப்புளங்கள் எழும்பும். நோயாளியின் மூச்சாலும் அவர் பாவித்த துணியாலும் மற்றவர்களுக்குத் தொற்றும். கடுமையான வகையில் பத்துப் பேருக்கு மூன்று பேர் இறந்தார்கள். பிழைத்தவர்களின் முகம் தழும்பாகியது. சிலர் பார்வையை இழந்தார்கள். 20 ஆம் நூற்றாண்டில் மட்டும் சுமார் 30 கோடிப் பேர் இந்நோயால் இறந்ததாக மதிப்பிடப்படுகிறது. நம் அயலிலுள்ள தமிழ்க் கிராமங்களில் வைகாசி மாதத்தில் கண்ணகி அம்மன் குளிர்த்திச் சடங்கு நடப்பதை நாம் அறிவோம். அம்மை போன்ற வெப்ப நோய்களிலிருந்து ஊரைக் காக்கும் வேண்டுதலும் அதில் உண்டு. இக்கரையோர மக்களை இந்நோய் எவ்வளவு அச்சுறுத்தியது என்பதற்கு அதுவும் ஒரு சான்று.

இந்நோயைக் கூர்ந்து ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர் அபூபக்கர் அல்-ராஸி. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே வைசூரியையும் சின்னமுத்தையும் வெவ்வேறு நோய்களாகப் பிரித்து விளக்கி அரபு மொழியில் ஒரு நூல் எழுதினார். துருக்கியில் முதிய பெண்கள், இலேசாக நோய் கண்டவரின் கொப்புளச் சீழை ஆரோக்கியமானவரின் தோலில் கீறி வைக்கும் முறையைக் கையாண்டனர். அங்கு வாழ்ந்த மேரி மொண்டேகு என்ற ஆங்கிலேயப் பெண்மணி 1718 இல் தன் மகனுக்கு அவ்வாறு செய்வித்து, பின்னர் இங்கிலாந்திலும் அதைப் பரப்பினார். ஆனால் இம்முறையில் ஆபத்து இருந்தது. வைக்கப்பட்டது உண்மையான வைசூரிக் கிருமி என்பதால் சிலர் இறந்தும் போனார்கள்.

ஆபத்துக் குறைந்த வழியைக் காட்டியவர் எட்வர்ட் ஜென்னர். மாட்டம்மை வந்த பாற்காரப் பெண்களுக்கு வைசூரி வருவதில்லை என்ற பேச்சு இங்கிலாந்துக் கிராமங்களில் இருந்தது. 1796 மே 14 இல், சாரா நெல்ம்ஸ் என்ற பெண்ணின் கையிலிருந்த மாட்டம்மைக் கொப்புளத்தின் நீரை எடுத்து ஜேம்ஸ் பிப்ஸ் என்ற எட்டு வயதுச் சிறுவனின் கையில் ஏற்றினார். பின்னர் வைசூரிச் சீழை ஏற்றிப் பார்த்தபோது அவனுக்கு நோய் வரவில்லை. இன்று ஒரு பிள்ளையில் இப்படிப் பரிசோதிக்க எவரும் அனுமதிக்க மாட்டார்கள். அதன் பின்னாலுள்ள விஞ்ஞானம் நாம் உயிரியலில் படிப்பதுதான். இரு வைரசுகளும் ஒன்றையொன்று ஒத்தவை. மாட்டம்மையை எதிர்த்துப் பழகிய உடலில் பிறபொருளெதிரிகளும் ஞாபகக் கலங்களும் உருவாகி, வைசூரி வரும்போது உடனே அதை எதிர்க்கின்றன. இதுவே நிர்ப்பீடனம்.

குளிரூட்டி இல்லாத அக்காலத்தில் இந்த மருந்து இலங்கைக்கு எப்படி வந்தது? வியன்னா, கொன்ஸ்தாந்திநோபிள், பக்தாத், பஸ்ரா வழியாக அது பம்பாய் வந்து சேர்ந்தது. அங்கு 1802 ஜூன் 14 இல் அன்னா டஸ்தோல் என்ற மூன்று வயதுச் சிறுமிக்கு ஏற்றப்பட்டு வெற்றியளித்தது. அவளது கைக் கொப்புளத்திலிருந்து அடுத்தவருக்கும், அவரிடமிருந்து இன்னொருவருக்கும் என்று கைமாறி, அதே ஆண்டில் இலங்கையை அடைந்தது. அப்போது இங்கு மருத்துவத் துறைக்குப் பொறுப்பாயிருந்த தோமஸ் கிறிஸ்ரி, வைசூரி இலங்கையில் செய்த நாசத்தையும் தடுப்பு மருந்தின் வருகையையும் பற்றி 1811 இல் ஒரு நூல் வெளியிட்டார். 1886 இல் தடுப்பூசிக் கட்டளைச் சட்டம் வந்தது. உம்மம்மாவின் கையிலுள்ள தழும்பு இந்த நீண்ட கதையின் ஒரு பகுதி.

வைசூரி மனிதரைத் தவிர வேறு எந்த உயிரினத்திலும் தங்கி வாழ்வதில்லை. நோய் கண்டவரை முகத்தைப் பார்த்தே அடையாளம் காணலாம். ஆகவே உலக சுகாதார நிறுவனம் நோயாளியைத் தேடிக் கண்டுபிடித்து, தனிமைப்படுத்தி, அவரைச் சுற்றியுள்ளோருக்கு ஊசி போடும் முறையைக் கையாண்டது. கொள்ளைநோய் உள்ள ஊருக்குள் போகவும் வேண்டாம், அங்கிருந்து வெளியேறவும் வேண்டாம் என்ற நபிமொழியை அறிந்த நமக்கு இது புதிய பாடமல்ல.

1975 இல் பங்களாதேஷின் போலா தீவில் ரஹீமா பானு என்ற குழந்தைக்கு வைசூரி கண்டது. அதைச் சுகாதாரக் குழுவிற்கு அறிவித்தவள் பில்கிசுன்னிசா என்ற எட்டு வயதுச் சிறுமி; அதற்காக 250 டாக்கா பரிசு பெற்றாள். ரஹீமா குணமடைந்தாள். கடுமையான வகை வைசூரி இயற்கையாகத் தொற்றிய கடைசி மனிதர் அவளே. 1977 இல் சோமாலியாவின் மெர்கா நகரில் அலி மாவ் மாலின் என்ற வைத்தியசாலைச் சமையற்காரருக்கு இலேசான வகை வந்தது. ஊசி நோகும் என்று பயந்து அவர் தடுப்பூசியைத் தவிர்த்திருந்தார். அவரும் பிழைத்தார். பிற்காலத்தில் போலியோ ஒழிப்புப் பணியில் சேர்ந்து, தன் கதையைச் சொல்லியே பெற்றோரை இணங்க வைத்தார். 1980 மே 8 இல் உலகம் வைசூரியிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது.

இவற்றையெல்லாம் உம்மாவிடம் சொன்னேன். "அது வைசூரிக்குச் சரி. இவ்வளவு சின்னப் புள்ளைக்கு இது எதுக்கு?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. எச்.பீ.வீ. வைரஸ்தான் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்குப் பிரதான காரணம். வைரஸ் உடலுக்குள் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே போட்டால்தான் ஊசி முழுப் பயன் தரும். அதில் உயிருள்ள வைரஸ் கிடையாது. அதன் வெளி உறையின் புரதம் மட்டுமே உண்டு. அது பிள்ளைப் பாக்கியத்தைப் பாதிப்பதில்லை. உண்மையில் அந்தப் புற்றுநோயும் அதற்கான சத்திரசிகிச்சையுமே ஒரு பெண்ணின் கருப்பையைப் பறிக்கக்கூடியவை. 2017 முதல் இது நம் நாட்டில் தரம் 6 மாணவிகளுக்கு இலவசமாகப் போடப்படுகிறது.

உம்மா என் பேச்சை மட்டும் நம்பிவிடவில்லை. மறுநாள், நாங்கள் பிறந்ததிலிருந்து எங்களை நிறுத்துப் பார்த்த குடும்ப நல உத்தியோகத்தரிடம் போய்க் கேட்டார். திரும்பி வந்து அலுமாரியைத் திறந்து படிவத்தில் ஒப்பமிட்டார். குரல் பதிவை அனுப்பியவரை விட, கேட்டதற்கு முகம் பார்த்துப் பதில் சொல்லக்கூடிய ஒருவரை நாடியதே சரி என்று நினைக்கிறேன். சந்தேகம் உள்ள பெற்றோர் எல்லோரும் அப்படிச் செய்யலாம்.

"நோகுமா ராத்தா?" என்று தங்கை கேட்டாள். கொஞ்சம் நோகும் என்றேன். உம்மம்மா தன் கையை நீட்டித் தழும்பைக் காட்டினார். "எனக்கும் நொந்ததுதான்" என்றார். முதலாவது ஊசி போட்டாயிற்று. இரண்டாவதற்கு உம்மா கலண்டரில் அடையாளமிட்டு வைத்திருக்கிறார்.