பூச்சி மருந்தும் பலசரக்கும் ஒரே கிடங்கில் வேண்டாம்

நம்மில் மளிகையோடு பூச்சி மருந்தும் சேர்த்து விற்பவர்கள் உண்டு. விற்காதவர்களும் கிடங்கில் வண்டு, அந்து சேராமலிருக்க மருந்து அடிக்கிறோம். ‘மருந்து’ என்று சொல்லிச் சொல்லியே அது நஞ்சு என்பதை மறந்துவிடுகிறோம்.

மாலத்தியான், குளோர்பைரிபாஸ், மோனோகுரோட்டோபாஸ் முதலியவை ஆர்கனோபாஸ்பேட் வகையைச் சேர்ந்தவை. நரம்பின் கட்டளையைத் தசைக்குக் கொண்டு செல்வது அசிட்டைல்கோலின் என்ற பொருள். வேலை முடிந்ததும் அதைச் சிதைப்பது கோலினெஸ்டரேஸ் என்ற நொதி. இந்த நஞ்சு அந்த நொதியை முடக்கிவிடுகிறது. அதனால் நரம்புகள் ஓயாமல் தூண்டப்பட்டு, தசைகள் துடித்து, பின் தளர்ந்துபோகும். மூச்சுத் தசைகள் தளர்ந்தால் உயிருக்கே ஆபத்து. பூச்சி சாவதும் இப்படித்தான்.

இந்த நஞ்சு வாய் வழியாக மட்டும் உடலில் சேர்வதில்லை. தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் சேரும். ஒழுகும் டின்னைத் தோளில் சுமக்கும் சிப்பந்தி, நனைந்த சட்டையோடு மாலை வரை வேலை பார்த்தால் அதுவே போதும். தினமும் சிறிது சிறிதாகச் சேர்ந்தாலும் நொதியின் அளவு குறைந்துகொண்டே வரும்.

உணவோடு கலந்தால் என்னவாகும்? 1958-ல் கேரளத்தில், கப்பலில் பாரத்தியானோடு ஏற்றி வந்த கோதுமை மாவில் நஞ்சு கலந்து, அதை உண்ட நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன் பிறகே 1968-ல் பூச்சிக்கொல்லிச் சட்டம் பிறந்தது. 2013 ஜூலையில் பீகாரின் சரண் மாவட்டத்தில் பள்ளி மதிய உணவை உண்டு 23 குழந்தைகள் இறந்தனர். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் கலந்திருந்தது. ஒன்றில் சரக்கு ஏற்றிய இடம். மற்றொன்றில் சமையல் எண்ணெய். இரண்டும் நம் தொழிலுக்குள் வருபவையே.

நாம் கவனிக்க வேண்டியவை:

1. பூச்சி மருந்துக்குத் தனி அறை, தனிப் பூட்டு வேண்டும். உணவுப் பொருளோடு ஒரே லாரியில் ஏற்றக் கூடாது.

2. உரிமம் இல்லாமல் விற்பதும், பிரித்துப் பெயர்ச்சீட்டு இல்லாத புட்டியில் ஊற்றி விற்பதும் குற்றம்.

3. காலி டின்னில் எண்ணெயோ பருப்போ வைக்க வேண்டாம். கழுவினாலும் நஞ்சு போகாது. நசுக்கி, ஓட்டையிட்டுக் கழித்துவிடுங்கள்.

4. சீட்டிலுள்ள நிறத்தைப் பாருங்கள். சிவப்பு மிகக் கொடியது. அடுத்து மஞ்சள், நீலம், பச்சை.

5. கிடங்கில் அடிக்கப் பலரும் வைத்திருந்த டைக்குளோர்வாஸ் 2020 இறுதியோடு தடை செய்யப்பட்டுவிட்டது. பழைய புட்டி இருந்தால் பயன்படுத்தாதீர்கள்.

6. கையாளும்போது ரப்பர் கையுறை அணியுங்கள். கை கழுவாமல் வெற்றிலை, பீடி, சாப்பாடு எதையும் தொட வேண்டாம்.

மிகுந்த வியர்வை, எச்சில் ஒழுகுதல், வாந்தி, வயிற்றுப்போக்கு, மார்பு இறுக்கம், கண்மணி ஊசிமுனை போலச் சுருங்குதல் ஆகியவை நஞ்சின் அறிகுறிகள். உடனே ஆடையைக் களைந்து, சோப்புப் போட்டுக் குளிப்பாட்டுங்கள். உதவுபவரும் கையுறை அணிய வேண்டும். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள். புட்டியின் பெயர்ச்சீட்டையும் கையோடு கொண்டு செல்லுங்கள். அதைப் பார்த்தால் மருத்துவர் அட்ரோபின் முதலிய முறிமருந்துகளைத் தாமதமின்றித் தர முடியும்.

நம்மை நம்பித்தான் வாடிக்கையாளர் அரிசியும் மாவும் வாங்கிச் செல்கிறார். நம்மை நம்பித்தான் சிப்பந்தியை அவர் வீட்டார் வேலைக்கு அனுப்புகிறார்கள். இன்று கடை அடைக்குமுன் கிடங்கை ஒருமுறை சுற்றிப் பாருங்கள்.